தேன்கூட்டை ஏன் எடுத்தீர்கள்? திரைப்படக் கழகத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழு நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்பானியப் பட வாரத்துக்கான திருத்திய நிரலை நம் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். முதல் நிரலில் இருந்த விக்தோர் எரிசேயின் 'தேன்கூட்டின் ஆவி' இரண்டாவதில் இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்: "ரொம்ப ஸ்லோ சார். ஒன்றுமே நடக்காது. ஜனம் பாதியில் எழுந்து போய்விடும்." அந்த இடத்துக்கு ஒரு போர்ப்படம் வந்திருக்கிறது. 'பான்ஸ் லாபிரிந்த்' ஞாயிற்றுக்கிழமை காலை சிறுவர் காட்சிக்கு நகர்ந்துவிட்டது. சுவரொட்டியில் குண்டுவீச்சு விமானங்கள் வரிசையாகப் பறக்கின்றன.

போன் போட்டுப் பேசியிருக்கலாம்தான். ஆனால் நிரலைப் பொதுவில் வைத்தீர்கள், என் ஆட்சேபணையும் பொதுவிலேயே இருக்கட்டும். மற்ற உறுப்பினர்களும் படித்துவிட்டு என்னைத் திட்டலாம்.

முதலில் சுலபமானதை முடித்துவிடுகிறேன். அந்த விமானங்களை எடுத்துவிடுங்கள். ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் 1936 ஜூலையில் தொடங்கியது. 1939 ஏப்ரல் 1 அன்று, போர் முடிந்துவிட்டது என்று, ஜெயித்துச் சர்வாதிகாரியான தளபதி ஃபிராங்கோ ஒரு சிறு அறிக்கையில் கையெழுத்திட்டதோடு முடிந்தது. நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த படங்கள் எல்லாம் அந்தக் கையெழுத்துக்குப் பிந்திய வாழ்க்கையைப் பற்றியவை. 'பான்ஸ் லாபிரிந்த்' நடப்பது 1944-ல். 'பா நெக்ரே' நாற்பதுகளில். 'லா வோஸ் தோர்மிதா' போர் முடிந்த சூட்டில், மாட்ரிட் பெண்கள் சிறையில். 'லா திரின்சேரா இன்ஃபினிதா' மட்டும் 1936-ல் தொடங்குகிறது. அதுவும் சீக்கிரமே போரைத் தாண்டி 1969 வரைக்கும் போகிறது. இவற்றில் விமானம் எங்கே வந்தது? விமானத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் சண்டையை எதிர்பார்த்து வருவார். முதல் அரை மணி நேரத்தில் ஒருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து கடிதம் எழுதுவதைப் பார்த்தால் எழுந்துதான் போவார். அப்படிப் போனால் குற்றம் படத்துடையதா, சுவரொட்டியுடையதா?

போர் முடிந்தது என்றால் என்ன பொருள் என்று யோசித்துப் பாருங்கள். பொதுவாக இரண்டு பக்கமும் துப்பாக்கியைக் கீழே வைப்பார்கள், வீட்டுக்குப் போவார்கள். ஸ்பெயினில் ஒரு பக்கம் மட்டும்தான் கீழே வைத்தது. போர் முடிவதற்கு முன்பே, 1939 பிப்ரவரியில், அரசியல் பொறுப்புகள் சட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்துவிட்டார்கள். 1934 அக்டோபர் வரைக்கும் பின்னோக்கிப் போய்த் தண்டிக்கும் சட்டம் அது. செய்தபோது சட்டப்படி சரியாக இருந்த காரியத்துக்கு ஐந்து வருஷம் கழித்துச் சொத்துப் பறிமுதல். ஒரு கட்சியில் உறுப்பினராக இருந்தது போதும், குற்றமாகிவிடும். 1939 ஆகஸ்ட் 5 அன்று மாட்ரிட் கல்லறைத் தோட்டச் சுவர் ஓரத்தில் 13 பெண்களைச் சுட்டார்கள். 18 வயதிலிருந்து 29 வயது வரைக்குள் இருந்தவர்கள். போர் முடிந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவர்களை வைத்திருந்த வென்தாஸ் சிறை ஏறக்குறைய 500 பேருக்காகக் கட்டியது. அப்போது உள்ளே இருந்தவர்கள் ஆயிரக்கணக்கில். 'லா வோஸ் தோர்மிதா'வில் நீங்கள் பார்க்கப்போவது அந்தச் சிறையைத்தான். மரண தண்டனை விதிக்கப்பட்ட கர்ப்பிணி ஒருத்தியைப் பிரசவம் வரைக்கும் விட்டுவைத்துவிட்டு, பிள்ளை பிறந்தபிறகு சுடுவார்கள்.

அப்புறம் பசி. ரேஷன் அட்டை 1939-ல் வந்தது, 1952-ல்தான் போனது. அட்டையில் எழுதியிருந்தது கடையில் இருக்காது. கள்ளச்சந்தையில் எல்லாம் இருந்தது, விலைதான் கட்டுப்படியாகாது. பட்டினியாலும் அதையொட்டிய நோய்களாலும் குறைந்தது இரண்டு லட்சம் பேர் செத்தார்கள் என்பது வரலாற்றாசிரியர்கள் பலர் சொல்லும் மதிப்பீடு. அந்த வருஷங்களைப் பசி வருஷங்கள் என்றே ஸ்பெயின்காரர்கள் சொல்கிறார்கள். வெள்ளை ரொட்டி வசதியுள்ளவர்களுக்கு, கறுப்பு ரொட்டி மற்றவர்களுக்கு. 'பா நெக்ரே' என்றாலே கறுப்பு ரொட்டிதான். 'பான்ஸ் லாபிரிந்த்'தில் கிராமத்து ஜனம் ரேஷனுக்கு வரிசையில் நிற்கிற இடத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ஃபிராங்கோவின் ஸ்பெயினில் ரொட்டியில்லாத வீடு கிடையாது என்று ஒரு அதிகாரி ரொட்டியைத் தூக்கிக் காட்டிப் பிரசங்கம் செய்துகொண்டே இருப்பான். அரசு கிடங்கின் சாவி மட்டும் அங்கே படைக்குத் தலைவனான கேப்டன் விதாலின் கையில். காட்டில் ஒளிந்திருக்கும் போராளிகளுக்குத் தானியம் போய்ச் சேரக்கூடாது என்பதற்காக ஒரு ஊரையே அரைவயிற்றில் வைத்திருக்கிறான். பூதமும் தேவதையும் இருக்கும் படம்தான். ஆனால் அந்த ரேஷன் வரிசையில் கற்பனை எதுவும் இல்லை.

சரி, சிறுவர் காட்சி விஷயம். 'பான்ஸ் லாபிரிந்த்' போஸ்டரில் ஒரு சிறுமியும் வளைந்த கொம்புள்ள உருவமும் இருப்பதைப் பார்த்துவிட்டு யாரோ முடிவு செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். முயல் வேட்டைக்குப் போன அப்பனையும் மகனையும் போராளிகள் என்று சந்தேகப்பட்டுப் பிடித்து வருவார்கள். மகனின் முகத்தைக் கேப்டன் ஒரு பாட்டிலின் அடிப்பக்கத்தால் குத்திக் குத்தியே சிதைப்பான். பிறகு அப்பனைச் சுடுவான். அதற்கப்புறம் பையைத் துழாவினால் உள்ளே முயல் இருக்கும். அவன் முகத்தில் தெரிவது வருத்தம் இல்லை, எரிச்சல்: ஒழுங்காகச் சோதனை போடாமல் ஏன் என்னிடம் கொண்டுவந்தீர்கள் என்று கீழே இருப்பவர்களிடம் காய்வான். மூன்று ஆஸ்கர் வாங்கிய படம்; அமெரிக்காவில் இதற்குக் கொடுத்த சான்றிதழ்படி 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் போக முடியாது. நீங்கள் ஏழு வயசுப் பிள்ளைகளைப் பாப்கார்னோடு உட்கார வைக்கப் போகிறீர்கள். ஞாயிறு மதியம் உங்கள் போன் எத்தனை முறை அடிக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கக்கூடிய படம் எதுவோ அதைத்தான் நீக்கியிருக்கிறீர்கள்.

'தேன்கூட்டின் ஆவி'யில் ஏதும் நடக்காது என்பவர்களுக்காக அதில் நடப்பதைச் சொல்கிறேன். 1940 வாக்கில் காஸ்தில் மேட்டுநிலத்தில் ஒரு ஊர். எடுத்தது செகோவியா மாகாணத்தின் ஓயுவேலோஸ் என்ற நிஜக் கிராமத்தில். ஒரு லாரி வருகிறது, பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்னால் ஓடுகிறார்கள். லாரியில் படப்பெட்டி. ஊராட்சிக்குச் சொந்தமான ஒரு வெறும் கூடத்தில் காட்சி. அவரவர் வீட்டிலிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து உட்கார்ந்தவர்களுக்கு இந்த இடம் உடனே பிடித்துவிடும். படம் 1931-ல் வந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்'. ஏரிக்கரையில் அரக்கனும் ஒரு சிறுமியும் பூக்களைத் தண்ணீரில் போட்டு விளையாடுகிறார்கள். அடுத்து அந்தச் சிறுமியின் உடலை அவளுடைய அப்பா தூக்கிக்கொண்டு வருகிறார். கூட்டத்தில் இருக்கும் அனா என்ற சின்னப்பெண் தன் அக்காவிடம் கேட்கிறாள்: அவன் அவளை ஏன் கொன்றான்? அவனை ஏன் கொன்றார்கள்?

திரையைப் பார்க்கும் அந்தக் குழந்தையின் முகத்தைப் பாருங்கள். அது நடிப்பு கிடையாது. அனா டோரென்டுக்கு நிஜமாகவே படத்தைப் போட்டுக் காட்டி, பார்க்கும் முகத்தைப் படம் பிடித்திருக்கிறார்கள். வாய் லேசாகத் திறக்கிறது, உடம்பு முன்னால் நகர்கிறது. கதாபாத்திரத்துக்கு வேறு பெயர் வைத்தால் அந்தக் குழந்தை குழம்புகிறது என்று, நடிப்பவர்களின் பெயரையே பாத்திரங்களுக்கும் வைத்துவிட்டார் எரிசே. அக்கா இசபெல், அப்பா ஃபெர்னாந்தோ, அம்மா தெரேசா, எல்லாம் அப்படி வந்தவைதான்.

சினிமாவில் எல்லாம் பொய், யாரும் சாவதில்லை, அவன் ஒரு ஆவி என்று அக்கா கதை விடுகிறாள். ஊருக்கு வெளியே கிணற்றோரம் ஒரு பாழடைந்த கொட்டகையில் இருக்கிறான், கண்ணை மூடிக்கொண்டு 'நான் அனா' என்று சொன்னால் வருவான். அனா நம்புகிறாள். ஒரு நாள் அந்தக் கொட்டகையில் உண்மையாகவே ஒருவன் இருக்கிறான். ஓடும் ரயிலிலிருந்து குதித்தவன், காலில் அடி. யார், என்ன, எந்தப் பக்கத்தில் சண்டை போட்டவன் என்று படம் ஒரு வார்த்தைகூடச் சொல்வதில்லை. அனா அவனுக்கு ஆப்பிள் கொடுக்கிறாள். அப்பாவின் கோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள். அதன் பையில் இசைக்கும் கடிகாரம் ஒன்று இருக்கிறது. அன்றிரவு கொட்டகையைத் தொலைவிலிருந்து காட்டுகிறார்கள். இருட்டில் சில வெளிச்சப் பொறிகள், வெடிச்சத்தம். அவ்வளவுதான் அந்தப் படத்தின் "சண்டைக் காட்சி".

அவன் உடலை எங்கே கிடத்தியிருக்கிறார்கள் தெரியுமா? 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஓடிய அதே கூடத்தில், அதே திரைக்கு அடியில். அப்பாவை வரச்சொல்லிக் கோட்டையும் கடிகாரத்தையும் கொடுக்கிறார்கள். மறுநாள் காலை சாப்பாட்டு மேசை. நான்கு பேரும் இருக்கிறார்கள், ஆனால் நான்கு பேரையும் ஒரே சட்டகத்தில் காட்டவில்லை, தனித்தனி முகங்கள். அப்பா கடிகாரத்தைத் திறக்கிறார், இசை வருகிறது. பெரியவளைப் பார்க்கிறார், அசையவில்லை. சின்னவளைப் பார்க்கிறார். அவள் கண் மாறுகிறது. யாரும் எதையும் கேட்கவில்லை, யாரும் எதையும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. ஒரு வீட்டுக்குள் போலீஸ் நுழைந்துவிட்டது என்பதைப் போலீஸே இல்லாமல் சொல்லிவிடுகிறார் எரிசே. இதைப் பார்த்துவிட்டு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று சொல்வதற்கு எனக்கு மனசு வரமாட்டேன் என்கிறது.

அந்த வீட்டுப் பெரியவர்களையும் பாருங்கள். அப்பா கண்ணாடிக் கூட்டில் தேனீ வளர்த்துக்கொண்டு இரவெல்லாம் தேனீக்களைப் பற்றிக் குறிப்பு எழுதுகிறார். ஒரு இடத்தில் பழைய புகைப்பட ஆல்பத்தைப் புரட்டுவார்கள். அதில் அவர் மிகேல் தெ உனாமுனோவோடு நிற்கும் படம் ஒன்று வந்துபோகும். உனாமுனோ சலமான்கா பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். 1936 அக்டோபரில் மேடையிலேயே ஃபிராங்கோவின் தளபதி ஒருவரை எதிர்த்துப் பேசிப் பதவியை இழந்து, அந்த ஆண்டின் கடைசி நாளில் இறந்தவர். ஆக, தேனீக்களோடு ஒதுங்கிக் கிடக்கும் இந்த மனிதர் முன்பு யாரோடு பழகியவர் என்பது தெரிந்துவிடுகிறது. வசனம் தேவைப்படவில்லை. அம்மா யாருக்கோ கடிதம் எழுதுகிறாள். போய்ச் சேருமா என்பதே தெரியாத கடிதம், வெளியிலிருந்து வரும் செய்தியெல்லாம் குறைவு, அதுவும் குழப்பம் என்று அதில் எழுதுகிறாள். சைக்கிளில் ரயில் நிலையத்துக்குப் போய் ரயிலிலேயே பெட்டியில் போட்டுவிட்டு வருகிறாள். யாருக்கு? காதலனா, தம்பியா, பிரான்சில் அகதி முகாமில் இருப்பவரா? 1939 தொடக்கத்தில் மட்டும் ஏறக்குறைய ஐந்து லட்சம் பேர் எல்லை தாண்டிப் பிரான்சுக்குப் போனார்கள். அந்த ஐந்து லட்சத்தில் ஒருவராக இருக்கலாம். கடைசியில் ஒரு கடிதத்தை நெருப்பில் போடுகிறாள். இரவு கணவன் படுக்க வரும்போது தூங்குவதுபோல் கிடப்பாள். அவனை நமக்குக் காட்டுவதே இல்லை, சத்தமும் நிழலும் மட்டும்.

பள்ளிக்கூடக் காட்சி ஒன்று. அட்டையில் செய்த ஒரு மனித உருவம், பெயர் தோன் ஹோசே. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து இதயம், நுரையீரல், வயிறு என்று மாட்டிவிடுகிறார்கள். இன்னும் என்ன பாக்கி என்று டீச்சர் கேட்கிறார். கண். அதை மாட்டும் வேலை அனாவுக்கு வருகிறது. பார்க்க வேண்டிய அனைவரும் பார்க்காமல் இருக்கும் ஊரில் கண்ணை மாட்டுவது ஒரு பொடிசு. இப்படியெல்லாம் எழுதினால் எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் படத்தில் இது பாடம் மாதிரி வராது, சிரிப்பாகத்தான் வரும்.

இப்போது என் முக்கியமான வாதம். நிரலில் மிச்சமிருக்கும் நான்கு படங்களும் வந்த வருஷங்களைப் பாருங்கள்: 2006, 2010, 2011, 2019. ஃபிராங்கோ செத்து முப்பது, நாற்பது வருஷம் கழித்து, எதையும் பேசலாம் என்ற நிலையில் எடுத்தவை. நல்ல படங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் எரிசே எடுத்தது 1973. ஃபிராங்கோ உயிரோடு, பதவியோடு இருக்கிறார். இறந்தது 1975 நவம்பர் 20. திரைக்கதையை முன்கூட்டியே தணிக்கைக்குக் கொடுத்தாக வேண்டிய காலம். அந்த வாரியத்தைக் கடந்துவந்த படம் அந்த ஆட்சியின் தொடக்கத்தைப் பற்றியே பேசுகிறது என்றால் அது எப்படிப் பேச முடியும்? ஓடி ஒளிந்தவன் பெயரைச் சொல்ல முடியாது, கடிதம் யாருக்கென்று சொல்ல முடியாது. ஊர் எல்லைச் சுவரில் ஃபிராங்கோ ஆட்சியின் கட்சியான ஃபலாங்கேயின் நுகத்தடி, அம்புகள் சின்னம் தெரியும். ஒரு விநாடிதான், லாரி நுழைகிற போக்கில். இந்த மெதுவான படத்தை யார் பார்க்கப்போகிறார்கள் என்று தணிக்கைக்காரர்கள் விட்டுவிட்டார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. அது உண்மையாக இருந்தால், நண்பர்களே, அவர்கள் சொன்ன காரணத்தைத்தான் நீங்களும் சொல்லியிருக்கிறீர்கள். அவர்களாவது படத்தை ஓடவிட்டார்கள்.

அந்த வருஷமே ஸ்பெயினின் சான் செபாஸ்தியன் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கச் சிப்பி இந்தப் படத்துக்குக் கிடைத்தது. விருதைக் காட்டி உங்களை மிரட்டவில்லை. விருது வாங்கிய படங்களில் தூங்கியவன் நானும்தான். சொல்லவந்தது, இந்த மெதுவான நடை இயக்குநரின் ஸ்டைல் ஆசையால் வந்தது மட்டும் இல்லை. அந்த ஊரில் அப்படித்தான் பேசினார்கள். பக்கத்து வீட்டுக்காரன் புகார் எழுதிப் போட்டால் போதும், ஆள் காணாமல் போய்விடுவான் என்ற ஊரில் சாப்பாட்டு மேசையில் எப்படிப் பேசுவார்கள்? 'லா திரின்சேரா இன்ஃபினிதா' இதையே மறுபக்கத்திலிருந்து காட்டுகிறது. சொந்த வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒருவன் முப்பது வருஷத்துக்கு மேல் ஒளிந்து கிடக்கிறான். அவனை மோப்பம் பிடித்துக்கொண்டிருப்பது இராணுவம் இல்லை, எதிர்வீட்டுக்காரன். கற்பனை என்று நினைக்காதீர்கள். மிஹாஸ் என்ற ஊரின் மேயராக இருந்த மனுவேல் கோர்த்தேஸ் அப்படித்தான் முப்பது ஆண்டுகள் ஒளிந்திருந்து, போர்க்காலக் குற்றங்கள் காலாவதியாகிவிட்டன என்று 1969-ல் அரசு அறிவித்தபின் வெளியே வந்தார். அந்தப் படத்தைப் பார்ப்பவர்களுக்கு எரிசேயின் வீட்டில் ஏன் எல்லாரும் தணிந்த குரலில் பேசுகிறார்கள் என்று புரியும். எரிசேயைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுவருக்குள் இருப்பவனின் மூச்சுச் சத்தம் கேட்கும். ஒன்றை எடுத்தால் மற்றது ஒரு கால் நொண்டும்.

எனவே என் முதல் கோரிக்கை: எரிசே படத்தைத் திரும்பச் சேருங்கள், வாரத்தின் முதல் படமாகவே வையுங்கள். சனிக்கிழமை மாலை, ஜனம் நிதானமாக வரும் நேரம். சுமார் 98 நிமிஷம்தான்; நாம் வழக்கமாகப் போடும் படங்களைவிடச் சின்னது. பெரிய பிள்ளைகள் பெற்றோரோடு வரட்டும். அக்கா செத்ததுபோல் நடித்துத் தங்கையைப் பயமுறுத்துவாள், பூனை பிராண்டிய விரலின் ரத்தத்தை உதட்டில் பூசிக்கொள்வாள். ரொம்பச் சின்னதுகள் கொஞ்சம் மிரளலாம். இருந்தாலும் பாட்டில் அடிக்கு இது எவ்வளவோ தேவலாம். 'பான்ஸ் லாபிரிந்த்' ஞாயிறு இரவுக்குப் போகட்டும். அதில் வரும் சிறுமி ஒஃபேலியா அனாவுக்குத் தங்கை முறை என்று பார்ப்பவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

புதிதாகச் சேர்த்த போர்ப்படத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. அது வேறு வாரத்துக்கு உரியது, அவ்வளவுதான்.

இரண்டாவது ஒரு சின்னத் திருத்தம், ஆனால் விட முடியாதது. நிரலில் எல்லாப் படங்களுக்கும் எதிரே 'மொழி: ஸ்பானிஷ்' என்று போட்டிருக்கிறீர்கள். 'பா நெக்ரே' கட்டலான் மொழிப் படம்; ஸ்பெயினின் கட்டலோனியாப் பகுதியில் பேசும் தனி மொழி அது. சிறந்த படத்துக்கான ஸ்பெயினின் கோயா விருதை வாங்கிய முதல் கட்டலான் படம் என்பதாலேயே அது அங்கே செய்தியானது. அந்தப் படம் நடக்கும் காலத்தில் கட்டலான் மொழியைப் பள்ளியிலும் அலுவலகத்திலும் புழங்க முடியாது. ஃபிராங்கோ ஆட்சி அதைப் பொதுவெளியிலிருந்தே துரத்தியிருந்தது. வெளிநாட்டுப் படங்களையெல்லாம் ஸ்பானிஷில் டப்பிங் செய்துதான் ஓட்டவேண்டும் என்று 1941-ல் ஆணை போட்டார்கள். அப்படிப்பட்ட ஆட்சியைப் பற்றிய படத்துக்கு நாமே 'ஸ்பானிஷ்' முத்திரை குத்துவது, அதுவும் மொழி விஷயத்தில் இவ்வளவு உணர்ச்சியுள்ள ஊரில், நன்றாக இல்லை. வாரத்தின் பெயரை 'ஸ்பெயின்: போருக்குப் பிறகு' என்று வைத்தால் இந்தச் சிக்கலும் தீரும், விமானங்களும் தானாகவே இறங்கிவிடும்.

மூன்றாவது, அறிமுக உரை. இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசப்போகிறேன், மன்னிக்கவும். போன திரையிடலில் படம் தொடங்குவதற்கு முன்பே, இந்தக் காட்சியில் வரும் நாற்காலி அதிகாரத்தின் குறியீடு, அந்த மழை விடுதலையின் குறியீடு என்று முழுசாகப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அதற்கப்புறம் படத்தில் பார்க்க என்ன மிச்சம்? எரிசே படத்துக்கு அது நடந்தால் படம் செத்தேபோகும். தேன்கூடு என்றால் ஃபிராங்கோவின் ஸ்பெயின், தேனீக்கள் மக்கள் என்று யாராவது மைக்கைப் பிடித்துச் சொல்லப்போகிறார்கள் என்பது எனக்கு இப்போதே தெரிகிறது. தேன்நிறக் கண்ணாடியில் அறுகோணமாகப் பிரித்த ஜன்னல்கள் அந்த வீடு முழுக்க இருக்கின்றன. பார்ப்பவர் தானாகவே கண்டுகொள்வார். கண்டுகொள்ளாவிட்டாலும் நஷ்டம் இல்லை.

சொல்ல வேண்டியது தகவல் மட்டும்: போர் எப்போது முடிந்தது, யார் ஜெயித்தார்கள், படம் எடுத்தபோது யார் ஆட்சியில் இருந்தார்கள், ரேஷன் எத்தனை வருஷம் இருந்தது. ஒரு பக்கத் துண்டறிக்கை போதும். வாசலில் கொடுத்துவிட்டு, விளக்கை அணைத்துவிடுங்கள். கலந்துரையாடலைப் படம் முடிந்தபின் வைத்துக்கொள்ளலாம். அதிலும் முதல் கேள்வியைப் பின்வரிசையில் இருப்பவர்களிடம் விடுங்கள். வழக்கமாகப் பேசும் நாலைந்து பேர் (நானும் அதில் ஒருவன்) அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கலாம்.

இன்றைய ஸ்பெயினைப் பற்றியும் துண்டறிக்கையில் இரண்டு வரி வேண்டும். இது பழங்கதை என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. 1977-ல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்தது. கைதிகள் விடுதலையானார்கள், கூடவே சுட்டவர்கள் மேலும் வழக்குப் போட முடியாமல் போனது. சாலையோரப் புதைகுழிகளை முறையாகத் தோண்டி உடல்களை அடையாளம் காணும் வேலை 2000-த்தில்தான் சூடு பிடித்தது. அதுவும் அரசு தொடங்கியதில்லை, பேரப்பிள்ளைகள் தொடங்கியது. 2007-ல் ஒரு நினைவுச் சட்டம், 2022-ல் இன்னொன்று. கைதிகளின் உழைப்பையும் வைத்துக் கட்டிய பிரம்மாண்ட நினைவிடத்திலிருந்து ஃபிராங்கோவின் சவப்பெட்டியை வெளியே எடுத்தது 2019 அக்டோபரில். தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. அனாவைவிட வயதில் கொஞ்சமே சின்னவர்கள் எத்தனையோ பேர் அதை வீட்டிலிருந்து பார்த்திருப்பார்கள். எரிசேயே 1940-ல் பிறந்தவர்தான். 2023-ல், தன் எண்பத்து மூன்றாவது வயதில் எடுத்த படத்தில் அனா டோரென்டை மறுபடியும் கூட்டிவந்து, 'நான் அனா' என்று சொல்லவைத்திருக்கிறார். ஐம்பது வருஷ இடைவெளி. அதையும் ஒரு நாள் போடுங்கள், ஆனால் முதலில் இது.

கடைசியாக ஒரு தொழில்நுட்ப வேண்டுகோள். ஒளிப்பதிவாளர் லூயிஸ் குவாட்ராடோ இந்தப் படத்தை எடுத்தபோது பார்வையை இழந்துகொண்டிருந்தார். அவர் கொண்டுவந்த அந்த மஞ்சள் வெளிச்சமும் அதற்கு அடுத்திருக்கும் இருட்டும்தான் பாதிப் படம். நம் புரொஜக்டரில் பல்பு மங்கிவிட்டது. போன மாதம் இரவுக் காட்சிகளில் எதுவும் தெரியவில்லை என்று எல்லாருமே புலம்பினார்கள். பல்பை மாற்றுங்கள், இல்லையென்றால் வாடகைக்கு நல்லதாக ஒன்றை எடுங்கள். பக்கவாட்டு ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டவேண்டும், சனிக்கிழமை ஆறு மணிக்கு வெளியே வெளிச்சம் இருக்கும். யூடியூபில் கிடைக்கும் மங்கல் பிரதியைப் போட வேண்டாம். சீரமைத்த பிரதி டிஸ்க்காகவே கிடைக்கிறது, திரையிடல் உரிமையை முறையாகக் கேட்டு வாங்குவோம். செலவில் ஒரு பங்கை நான் தருகிறேன், இன்னும் சிலரும் தருவார்கள். குழுவில் கேட்டுப் பாருங்கள்.

துண்டறிக்கையை நானே எழுதித் தருகிறேன். தமிழ் சப்டைட்டில் போட்டுப் பழகிய இளைஞர்கள் நம் குழுவில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். வசனம் குறைவான படம் என்பதால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்கிறார்கள். அம்மாவின் கடிதத்தை மட்டும் நிதானமாகச் செய்யவேண்டும். இந்த வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொன்னால் அச்சகத்தில் புதுச் சுவரொட்டிக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம். முடியாது என்றாலும் அதையும் குழுவிலேயே சொல்லுங்கள், காரணத்தோடு. 'ஸ்லோ' என்பதைத் தவிர வேறு ஏதாவது காரணம்.

அன்புடன்,
உங்கள் கழகத்தின் பழைய உறுப்பினர் ஒருவர்